பிரசவத்துக்குப் பிறகு வயிற்றில் வரிகள்: புடவை கட்டவே கூச்சமாக இருக்கிறது. எப்படி ஏற்றுக்கொள்வது?

முதலில் அது என்னவென்று பார்த்துவிடுவோம். தோலின் நடு அடுக்கில் கொலாஜன், எலாஸ்டின் என்று இழைகள் உண்டு. வயிறு வேகமாகப் பெருக்கும்போது அவை விட்டுப்போகின்றன. ஹார்மோன் மாற்றமும் அதற்குத் துணை. சிவப்பாகவோ ஊதாவாகவோ தொடங்கும், மாதங்கள் போகப்போக வெளிறிவிடும். முழுக்க மறையாது. தேங்காய் எண்ணெய் அரிப்பைக் குறைக்கும், வரியை அழிக்காது. ‘ஒரே மாதத்தில் மாயம்’ என்று விற்கும் கிரீமுக்குக் காசு கொட்டாதீர்கள். ரெட்டினாய்டு (வைட்டமின் ஏ வகை மருந்து) கிரீம், லேசர் எல்லாம் ஓரளவுக்குத்தான். ரெட்டினாய்டைக் கர்ப்பத்தில் தொடவே கூடாது. பாலூட்டினால் மருத்துவரைக் கேளுங்கள்.

எனக்கும் தொப்புளைச் சுற்றி இருக்கிறது. ஈர மணலில் நண்டு ஓடிய தடம் மாதிரி. ஒரு வருடம் முந்தானையை இழுத்து இழுத்து ஊக்கு குத்தினேன். அப்புறம் ஒரு கல்யாண வீட்டில் புடவை மாற்றும் அறையில் பார்த்தால், சித்தி, அத்தை, அண்ணி என்று முக்கால்வாசிப் பேருக்கும் அதே வரி! ஜிம்முக்குப் போகும் என் தம்பிக்கே தோளில் இருக்கிறது, அவன் சட்டையே செய்வதில்லை.

சங்கப் பாடல்களில் ‘திதலை’ என்ற சொல் வரும். பெண்ணின் மேனியில் படரும் வெளிர்புள்ளிகள். ஈன்றவளின் மேனி வெளுப்பையும் அது குறிக்கும். இதே வரிகள் இல்லைதான், ஆனால் அதை அழகென்றே பாடினார்கள்.

தினமும் குளித்ததும் அவசரமாகத் துணியைச் சுற்றாமல், வயிற்றில் நிதானமாக எண்ணெய் தடவிப் பாருங்கள். எனக்கு அப்படித்தான் கூச்சம் விட்டது. போன மாதம் ஊக்கு இல்லாமல் புடவை கட்டினேன்.