வாசகர் கேள்வி – பதில்: கல்லூரி மாறும் குவாட்டர்பேக்

கேள்வி: என் அக்காள் மகன் அமெரிக்காவில் குடியேறியவர். அவருடைய பையன் அங்கே ஒரு கல்லூரியில் அமெரிக்கக் கால்பந்து ஆடுகிறான். குவாட்டர்பேக் என்ற இடத்திற்குச் சேர்த்தார்களாம். ஆனால் களத்தில் இறக்காமல் ஓரத்திலேயே உட்கார வைத்திருக்கிறார்கள். வேறு கல்லூரிக்கு மாறப்போவதாகச் சொல்கிறான். உதவித்தொகை கொடுத்துப் படிக்க வைத்த கல்லூரியை விட்டுப் போவது நன்றி கெட்ட செயல் என்று எங்கள் வீட்டுப் பெரியவர்கள் வருந்துகிறார்கள். அவனிடம் நான் என்ன சொல்லட்டும்?
– ஓய்வுபெற்ற ஆசிரியை, கோத்தகிரி

பதில்: அம்மா, பெரியவர்களின் வருத்தம் எனக்குப் புரிகிறது, ஆயினும் பையனின் எண்ணத்தை நன்றி கெட்ட செயல் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. தாக்கி ஆடும் பதினொருவரில் குவாட்டர்பேக் ஒருவர்தான். ஏறக்குறைய ஒவ்வொரு நகர்வும் பந்து அவர் கைக்கு வந்த பிறகே தொடங்குகிறது. மற்ற இடங்களில் ஆடுபவர்களைப் பயிற்சியாளர் மாற்றி மாற்றி இறக்குவார். குவாட்டர்பேக்கை அப்படி மாற்றுவது அரிது. உதகையிலும் குன்னூரிலும் நம் பிள்ளைகள் ஆடும் கால்பந்தைப் பார்ப்பவர்களுக்கு இரண்டாவது கோல்கீப்பரின் நிலை தெரியும். முதலாமவர் நலமாக இருக்கும்வரை அவர் கையுறை மாட்டிக்கொண்டு காத்திருக்க வேண்டியதுதான். அந்தக் காத்திருப்புக்கு அங்கே கெடுவும் உண்டு. ஐந்து ஆண்டுகளுக்குள் நான்கு பருவங்கள் ஆடிக்கொள்ளலாம் என்பதே அங்கு நெடுங்காலமாக இருந்துவரும் விதி.

ஜோ பர்ரோவின் கதையை வீட்டில் எடுத்துச் சொல்லுங்கள். ஒஹாயோ மாநிலத்தில் வளர்ந்த அவர் 2015-இல் ஒஹாயோ ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். அங்கே ஒரு போட்டியில்கூட முதல் குவாட்டர்பேக்காகத் தொடங்கும் வாய்ப்பு அவருக்குக் கிடைக்கவில்லை. 2018-இல் லூசியானா ஸ்டேட் பல்கலைக்கழகத்திற்கு மாறினார். மாறிய முதல் பருவத்தில் அவர் வீசிய டச்டவுன்கள் 16. (டச்டவுன் என்பது பந்தை எதிரணியின் எல்லைக்குள் கொண்டு சேர்ப்பது, நம் கால்பந்தின் கோல் போல.) பெரிதாகப் பேசும்படி ஒன்றுமில்லை. மறு பருவத்தில் வீசிய பந்துகளால் 60 டச்டவுன்களும் 5,671 கெஜ முன்னேற்றமும் தந்து, ஆண்டின் சிறந்த கல்லூரி வீரருக்கான ஹைஸ்மேன் விருதைப் பெற்று, ஆடிய 15 போட்டிகளிலும் அணியை வெல்ல வைத்து, தேசியப் பட்டத்தையும் கொண்டுவந்தார். 2020-இல் தொழில்முறை அணிகள் வீரர்களைத் தேர்ந்தெடுத்தபோது முதல் பெயரே அவருடையதுதான்.

இந்தக் கதையில் பலர் கவனிக்காமல் விடுகிற ஒன்றையே உங்கள் பேரன் முதலில் கவனிக்க வேண்டும் என்பேன்: ஒஹாயோவை விட்டுப் புறப்படும்போது பர்ரோ மூன்றே ஆண்டுகளில் பட்டத்தை முடித்திருந்தார். பட்டம் முடிக்காமல் மாறுபவர் ஓர் ஆண்டு ஆடாமல் இருக்க வேண்டும் என்ற விதி அப்போது இருந்ததால், விரைந்து படித்து முடிப்பதில் அவருக்கு இரட்டை ஆதாயம் இருந்தது. 2021-இல் அந்த விதி தளர்ந்தது. 2024 முதல், படிப்பில் தகுதி குறையாதவரை எத்தனை முறை மாறினாலும் உடனே ஆடலாம் என்றாகிவிட்டது. விளையாட்டுக்கு இது நல்லதே, படிப்புக்குத்தான் ஆபத்து. முழு நான்காண்டுப் பட்டத்தில் மூன்றாம் ஆண்டு தொடங்கும்போது 40 விழுக்காடும், நான்காம் ஆண்டில் 60-உம், ஐந்தாம் ஆண்டில் 80-உம் முடித்திருக்க வேண்டும் என்று, கல்லூரி விளையாட்டுகளை நிர்வகிக்கும் அமைப்பான என்.சி.ஏ.ஏ. வரையறுத்திருக்கிறது. முதல் கல்லூரியில் படித்த பாடங்கள் எல்லாவற்றையும் புதிய கல்லூரி தன் பட்டத்திற்கு ஏற்றுக்கொள்ளும் என்று நம்பிவிட முடியாது.

நன்றியைப் பற்றிக் கேட்டீர்கள். ஜேலன் ஹர்ட்ஸ் அலபாமா பல்கலைக்கழக அணியின் முதல் குவாட்டர்பேக்காக இருந்தவர். 2018 ஜனவரியில் தேசிய இறுதிப் போட்டியின் இடைவேளையில் அவரை உட்கார வைத்துவிட்டு, துவா டாகோவைலோவா என்ற இளையவரை இறக்கினார்கள். அணி வென்றது, ஹர்ட்ஸ் இடத்தை இழந்தார். மனம் கசந்து அன்றே போயிருக்கலாம். ஆனால் மேலும் ஒரு பருவம் அங்கேயே இருந்தார். அந்த ஆண்டு டிசம்பரில், அலபாமா ஆடும் வட்டாரக் கல்லூரி லீக்கான எஸ்.இ.சி.யின் இறுதிப் போட்டியில் துவா காயமுற்றதும் களம் இறங்கி, பின்தங்கியிருந்த அணியை வெல்ல வைத்தார். அதே மாதம் பட்டமும் பெற்று, அதன் பிறகே ஓக்லஹோமா பல்கலைக்கழகத்திற்குப் போனார். 2025 பிப்ரவரியில், தொழில்முறை லீக்கின் இறுதிப் போட்டியான சூப்பர் பவுலின் சிறந்த வீரர் விருதைப் பெற்றவரும் அவரே. தான் கொடுக்க வேண்டியதைக் கொடுத்துவிட்டு ஒருவன் வேறிடம் போவதை நன்றி கெட்டதென்று எந்தப் பெரியவரும் சொல்லமாட்டார்.

கேள்வி: மாறிப் போய் வீணானவர்கள் இல்லையா? வென்றவர்களின் பெயரையே எல்லோரும் சொல்கிறார்கள்.
– கல்லூரி மாணவர், குன்னூர்

பதில்: நியாயமான கேள்வி. ஜே.டி. டேனியல்ஸ் என்பவர் பள்ளிப் பருவத்திலேயே பெரிதும் எதிர்பார்க்கப்பட்டவர். தென் கலிபோர்னியா, ஜார்ஜியா, மேற்கு வர்ஜீனியா, ரைஸ் என்று நான்கு பல்கலைக்கழகங்களில் ஆடினார், காயங்கள் விடவில்லை. தலையில் மீண்டும் மீண்டும் பட்ட அதிர்ச்சியால் 2023-இல் ஆட்டத்தையே விட்டுவிட்டார். அவர் காயத்தால் ஜார்ஜியாவில் இழந்த இடத்தில் நின்றவர் ஸ்டெட்சன் பென்னட். உதவித்தொகை இல்லாமல் 2017-இல் அங்கே சேர்ந்து, மறு ஆண்டு மிசிசிப்பியில் ஒரு சிறிய இரண்டாண்டுக் கல்லூரிக்குப் போய் ஆடி, 2019-இல் ஜார்ஜியாவிற்கே திரும்பியவர் அவர். 2021, 2022 பருவங்களின் தேசியப் பட்டங்கள் இரண்டையும் அவரை வைத்தே ஜார்ஜியா வென்றது.

பெயர் தெரியாமல் போனவர்களும் உண்டு. மாற விரும்புபவரின் பெயரை, 2018-இல் தொடங்கிய டிரான்ஸ்பர் போர்ட்டல் என்ற பட்டியலில் அவருடைய கல்லூரியே பதிய வேண்டும். பதிந்த பிறகே பிற பயிற்சியாளர்கள் அவருடன் பேசலாம். அந்தப் பட்டியலில் ஏறியவரை எவரும் அழைத்தே ஆக வேண்டும் என்பதில்லை. பழைய கல்லூரியும் அந்தப் பருவத் தேர்வுகளுக்குப் பின் உதவித்தொகையை நிறுத்திக்கொள்ளலாம். கோபத்தில் ஓர் இரவில் எடுக்கும் முடிவாக இது இருக்கக் கூடாது என்று நான் கவலைப்படுவது இதனால்தான்.

கேள்வி: பணத்திற்காகவே மாறுகிறார்கள் என்கிறார்களே?
– தேயிலை விவசாயி, மஞ்சூர்

பதில்: பணமும் ஒரு காரணம், மறுப்பதற்கில்லை. தம் பெயரையும் உருவத்தையும் விளம்பரங்களுக்குக் கொடுத்துச் சம்பாதிக்க மாணவர்களுக்கு 2021 ஜூலை முதல் உரிமை உண்டு. 2025 ஜூலை முதல் கல்லூரிகளே நேரடியாகப் பணம் தரலாம். முதல் ஆண்டில் ஒரு கல்லூரி தன் எல்லா விளையாட்டு வீரர்களுக்கும் சேர்த்துத் தரக்கூடிய உச்சவரம்பு சுமார் 2 கோடியே 5 லட்சம் டாலர். ஆண்டாண்டு காலம் இவர்களின் ஆட்டத்தால் அரங்குகளை நிரப்பிய கல்லூரிகள் இவர்களுக்கும் ஒரு பங்கு கொடுப்பது நியாயம் என்றே நினைக்கிறேன். கோத்தகிரிக் குடும்பத்தாரும் இதைப் படிப்பார்கள் என்பதால் அவர்களுக்கும் சொல்கிறேன்: எவ்வளவு தருவீர்கள் என்று கேட்பதற்கு முன், அந்தப் பயிற்சியாளரின் ஒப்பந்தம் இன்னும் எத்தனை ஆண்டு, அதே இடத்திற்கு வேறு யாரைச் சேர்க்கப் போகிறார்கள், படித்த பாடங்களில் எவற்றை ஏற்பார்கள் என்ற மூன்றையும் பையன் கேட்டு, கடைசிக் கேள்விக்கு மட்டும் பதிவாளர் அலுவலகத்திலிருந்து எழுத்தில் பதில் வாங்கிக்கொள்ளட்டும்.