நொய்யலில் எது சிக்கல்? – கடிதம்

அன்புள்ள ஐயா,

சுற்றுச்சூழல் அறிவியலில் பிஎச்டி செய்கிறேன். தலைப்பு 'நொய்யல் ஆற்று மாசுபாடும் விவசாயிகளின் வாழ்வாதாரமும்'. ஆய்வுச் சிக்கலை எழுதிக் கொடுக்கும்போதெல்லாம் 'இதில் சிக்கல் எங்கே?' என்று கைடு திருப்பி அனுப்புகிறார். ஆறே செத்துக் கிடக்கிறது, இதைவிட என்ன சிக்கல் வேண்டும்? எத்தனை பக்கம் எழுத வேண்டும், எத்தனை மேற்கோள் காட்ட வேண்டும் என்றும் சொல்லுங்கள். வரைவை இணைத்திருக்கிறேன்.

ஆர்., ஈரோடு

அன்புள்ள ஆர்.,

பக்கக் கணக்கும் மேற்கோள் கணக்கும் உங்கள் பல்கலைக்கழக விதிமுறையிலேயே இருக்கும், அதற்கு நான் எதற்கு? நொய்யல் என்று பார்த்ததால்தான் எழுதுகிறேன், கொஞ்ச நாளாக அந்தப் பக்கத்து நினைப்பாகவே இருக்கிறது.

'மாசு கவலைக்குரிய அளவில் அதிகரித்துள்ளது' என்று தொடங்குகிறீர்கள். எந்த மாசு? எந்த இடத்தில்? எதைவிட அதிகம்? நொய்யலை எடுத்துவிட்டுப் பாலாறு என்று போட்டால் உங்கள் பக்கம் அப்படியே வாணியம்பாடிக்கும் பொருந்தும். கோபம் நியாயம்தான். ஆனால் கோபத்தை எழுதிவிட்டு ஆய்வு என்று பெயர் வைக்காதீர்கள்.

என் பெரியப்பாவுக்கு ஒரத்துப்பாளையம் அணைக்குக் கீழே தோட்டம். 1992-ல் பாசனத்துக்கென்று திறந்த அணை, திருப்பூர்ச் சாயக்கழிவு வந்து தேங்கி, கடைசியில் 'திறந்துவிடாதீர்கள்' என்று கீழே இருக்கும் விவசாயிகளே சண்டை போடும்படி ஆனது. பெரியப்பா எட்டாவது தாண்டாதவர். ஒருநாள் கேட்டார்: "ஏங்கண்ணு, மேல்கிணத்துத் தண்ணிய மாடு குடிக்குது, கீழ்க்கிணத்துத் தண்ணிய மோந்து பாத்துட்டுத் திரும்பிக்குது. நடுவுல ஒரு தென்னந்தோப்புத்தான். பாக்க ரெண்டும் தெளிவாத்தான் இருக்குது. அப்பறம் என்ன வித்தியாசம்?"

இடம் வந்துவிட்டது, ஒப்பிட இரண்டு கிணறு வந்துவிட்டது. 'தெளிவாத்தான் இருக்குது' என்றாரே, அது ஒன்றே நம்மைச் சாயத்திலிருந்து உப்பின் பக்கம் திருப்பிவிடும். பருத்தியில் ரியாக்டிவ் சாயம் ஏற உப்பைக் கொட்டித்தான் ஆக வேண்டும். வழக்கமான சுத்திகரிப்பில் நிறம் போனாலும் கரைந்த உப்பு போகாது, அதற்கு ஆர்.ஓ. வேண்டும். நீங்களோ இரண்டையும் ஒரே மூட்டையாகக் கட்டி 'மாசு' என்று சீட்டு ஒட்டிவிட்டீர்கள்.

ஆறு கெட்டது ஊருக்கே தெரியும். தெரியாதது என்ன, அதை எழுதுங்கள். ஆய்வுச் சிக்கல் என்பது அதுதான். கழிவை அறவே வெளியேற்றாத நிலையை எட்டாத சாய ஆலைகளை மூடச் சொல்லி 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. அதன்பிறகு, அணைக்குக் கீழே கரையை ஒட்டிய கிணறுகளிலும் தள்ளியிருக்கும் கிணறுகளிலும் உப்பு ஒரே மாதிரி குறைந்ததா? குறையவில்லை என்றால் அது மண்ணில் தங்கிய பழைய உப்பா, இன்னும் புதிதாக வருகிறதா? இப்படிக் கேட்டால் எந்தக் கிணறு, எந்த மாதம், எதை அளப்பது என்பதெல்லாம் தானாக வந்து நிற்கும். நீங்கள் நினைத்தது தப்பு என்று பதில் வரவும் இடம் இருக்கும். உங்கள் வரைவில் அந்த இடமே இல்லை. 'விவசாயிகள் பாதிக்கப்பட்டனர்' என்று முதல் பக்கத்திலேயே தீர்ப்பு எழுதிவிட்டு, ஊர் ஊராகக் கேள்வித்தாள் கொடுத்து அதையே திரும்ப வாங்கி வரப்போகிறீர்கள்.

வாழ்வாதாரத்தை வெட்டுங்கள். வலிக்கும், எனக்கும் தெரியும். அது வேறொரு பிஎச்டி.

தண்ணீரில் கரைந்த உப்பை அளக்கும் ஒரு டிடிஎஸ் மீட்டர் வாங்கிக்கொண்டு சென்னிமலைப் பக்கம் பஸ் ஏறுங்கள். முதலில் மாடு குடிக்கிறதா என்று கேளுங்கள், மீட்டரை அப்புறம் விடலாம். கைடைப் பற்றி நீங்கள் எழுதியிருந்த கடைசிப் பத்தியை எடுத்துவிட்டேன். அவர் கேட்டது சரியான கேள்வி.