குடியிருப்போர் குழுவில் பேசிப் பேசியும் தெருப் பிரச்சினை தீரவில்லையே, ஏன்?

பெரும்பாலும் உள்ளாட்சி அலுவலகத்துக்குப் புகார் விவரமில்லாமல் மொட்டையாகப் போவதுதான் காரணம். "தெருவிளக்கு எரியவில்லை" என்று மட்டும் எழுதினால், பகலில் வரும் ஊழியருக்கு எந்தக் கம்பம் என்றே தெரியாது. கம்ப எண், என்றிலிருந்து எரியவில்லை, விட்டுவிட்டு எரிகிறதா என்பதையெல்லாம் எழுதி, இரவில் எடுத்த படத்தையும் இணையுங்கள். ஒரு மனுவில் ஒரே பிரச்சினை. குப்பையையும் சாக்கடையையும் சேர்த்து எழுதினால், ஒரு பிரிவு இன்னொன்றைக் கைகாட்டும். மனு எண் வாங்காமல் திரும்பவே கூடாது. பிறகு எதை வைத்துக் கேட்பீர்கள்?

கூட்டத்தில் எடுக்கும் ஒவ்வொரு முடிவுக்கும் நேராக ஒருவர் பெயரும் ஒரு தேதியும் இருக்கட்டும். "குழு பார்த்துக்கொள்ளும்" என்று எழுதிய வேலை அப்படியே கிடக்கும். அடுத்த கூட்டத்தை அந்த முடிவுக் குறிப்பை வாசித்தே தொடங்குங்கள். வாடகைக்கு இருப்பவர்களையும் கட்டாயம் அழையுங்கள்.