வாசகர் கேள்வி: சீல் பிரிந்த பாக்கெட்டை எடுத்துப் பாருங்கள்

கேள்வி: ஐ.டி.ஐ. ஃபிட்டர் படித்தவன். பட்டரவாக்கத்தில் ஒரு மசாலா கம்பெனியில் 4 வருஷமாக, தூளைப் பாக்கெட்டில் நிரப்பி ஒட்டும் பவுச் மெஷின் ஓட்டுகிறேன். ஸ்டார்ட், ஸ்டாப், ஃபிலிம் ரோல் மாற்றுவது, இவ்வளவுதான் வேலை. மெஷின் நின்றால் சர்வீஸ் ஆள் வர வேண்டும். நண்பர்கள் டெலிவரிக்கு வரச் சொல்கிறார்கள். போகலாமா? (வாசகர், கொரட்டூர்)

இப்போதைக்குப் போகாதீர்கள் தம்பி. டெலிவரியில் பெட்ரோல், வண்டி சர்வீஸ் எல்லாம் போக மிச்சம் என்ன என்பது ஆறு மாதம் கழித்துத்தான் தெரியும். அதைவிட எனக்கு உறுத்துவது, 4 வருஷம் ஒரு மெஷின் பக்கத்தில் நின்றவர் அதை முழுசாகத் தெரிந்துகொள்ளாமலே வெளியே போகப் பார்க்கிறீர்களே என்பதுதான். நானும் அம்பத்தூர் எஸ்டேட்டில் பல வருஷம் இதே வேலையில் இருந்தவன்.

நாளைக்கு ஷிப்டில், ரிஜெக்ட் தொட்டியில் விழுந்த பாக்கெட்டில் பத்தை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். லேசாக இழுத்ததும் சீல் உரிந்து வந்தால் சூடு பத்தவில்லை, இல்லையென்றால் ஜா (பாக்கெட்டை இறுக்கி ஒட்டும் சூடான தாடை) அழுத்தம் குறைவு. ஓரம் சுருங்கிக் கருகி அங்கேயே அறுந்தால் சூடு அதிகம். சீலுக்கு நடுவில் சிவப்பாக ஒரு கோடு தெரிகிறதா, அப்போது ஹீட்டர் மேல் குற்றமே இல்லை. தூள் முழுதும் இறங்குவதற்குள் ஜா மூடிவிடுகிறது, அல்லது ஆகர் (தூளை அளந்து தள்ளும் திருகு) நின்ற பிறகும் தூள் உதிர்ந்துகொண்டிருக்கிறது. எல்லாப் பாக்கெட்டிலும் ஒரே இடத்தில் கசிவு என்றால் ஜாவை மூடியிருக்கும் டெஃப்லான் துணியைப் பாருங்கள், அந்த இடத்தில் கிழிந்திருக்கும் அல்லது ஏதாவது ஒட்டியிருக்கும். இது எதையும் பார்க்காமல் எல்லாவற்றுக்கும் டெம்பரேச்சரைக் கூட்டுகிறவர்கள்தான் அதிகம், அதனால்தான் ரோல் ரோலாக ஃபிலிம் வீணாகிறது.

எடையும் அப்படித்தான். புதிதாக அரைத்த தூளில் காற்று இருக்கும், அதே ஆகர் சுற்றுக்கு எடை குறையும். ஐப்பசி மழையில், மேலே தூள் கொட்டி வைக்கும் ஹாப்பரில் தூள் கட்டிக்கொண்டு இறங்காது. 100 கிராம் பாக்கெட் ஒன்றில் 4.5 கிராம் வரை குறையலாம் என்று எடையளவு விதி இடம் கொடுத்தாலும், சராசரி 100 கிராமுக்குக் கீழே போகக்கூடாது. அதற்குப் பயந்து ஒரு கிராம் கூடுதலாக வைத்து ஓட்டினால் நிமிஷத்துக்கு 40 பாக்கெட், 8 மணி நேரத்தில் 19,200 பாக்கெட், அதாவது 19 கிலோவுக்கு மேல் சும்மா போகிறது. இந்தக் கணக்கை உங்கள் சூப்பர்வைசரிடம் போட்டுக் காட்டுங்கள், அதன்பின் அவர் உங்களைப் பார்க்கும் விதமே வேறாக இருக்கும்.

ஒரு 40 பக்க நோட்டு வாங்குங்கள். மெஷின் எத்தனை மணிக்கு நின்றது, என்ன காரணம், யார் வந்து என்ன செய்தார்கள், அவ்வளவுதான் எழுத வேண்டும். சர்வீஸ் ஆள் வரும் நாளில் டீக்குப் போய்விடாமல் கூடவே நின்று ஸ்பேனர் எடுத்துக் கொடுங்கள். ஃபிட்டர் படிப்பு இருக்கிறது, இதோடு கொஞ்சம் நியூமேட்டிக்ஸும் (அழுத்தக் காற்றில் இயங்கும் பாகங்கள்) பி.எல்.சி.யும் (மெஷினை இயக்கும் கன்ட்ரோலர்) சேர்ந்தால் மெயின்டனன்ஸ் பக்கம் கேட்டு நுழையலாம். மேலே படிக்க வேண்டுமென்றால் இந்திய பேக்கேஜிங் நிறுவனத்துக்குச் சென்னையிலும் மையம் இருக்கிறது, நேரில் போய் விசாரியுங்கள்.

கேள்வி: என் மகளுக்கு ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஷாம்பு ஃபில்லிங் செக்‌ஷனில் வேலை கிடைத்திருக்கிறது. மெஷின் வேலை என்றதும் பயமாக இருக்கிறது. (வாசகி, பூந்தமல்லி)

அனுப்புங்கள் அம்மா, நல்ல வேலைதான். ஆனால் ஒன்றை மட்டும் அவரிடம் திரும்பத் திரும்பச் சொல்லுங்கள்: ஓடுகிற மெஷினுக்குள் கை போகக்கூடாது. நான் வேலை பார்த்த ஓர் இடத்தில், கதவைத் திறந்தால் மெஷின் நிற்கும்படி இருந்த சென்சாரை, அடிக்கடி நிற்கிறது என்று டேப் போட்டு ஏமாற்றி வைத்திருந்தார்கள். என்னோடு இருந்த பையன் சிக்கிய ஃபிலிமை எடுக்கக் கை விட்டான், ஜா மூடியது. கட்டைவிரல் நுனி போய்விட்டது, சூட்டில் தோலும் ஒட்டிக்கொண்டது. மெயின் சுவிட்சை அணைத்து, காற்று வால்வையும் மூடி, உள்ளே நிற்கும் காற்றையும் வெளியேற்றிவிட்டுத்தான் கை வைக்க வேண்டும். கரண்ட் போனாலும் ஜாவைத் தள்ளும் சிலிண்டரில் காற்று இருந்தால் ஜா நகரும், இது பலருக்குத் தெரியாது. டார்கெட் போகிறது என்று யார் கத்தினாலும் கத்தட்டும்.

சேரும்போதே இ.எஸ்.ஐ. எண்ணும் பி.எஃப். எண்ணும் கேட்டு வாங்கச் சொல்லுங்கள். மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் என்றால் இ.எஸ்.ஐ. உண்டு, கான்ட்ராக்டில் எடுத்தாலும் உண்டு. ஓவர்டைமுக்குச் சட்டப்படி இரட்டைக் கூலி.

கேள்வி: சில நாள் பால் பாக்கெட் கசிந்தபடியே வருகிறது. கலப்படமா? (வாசகி, மாதவரம்)

கசிவுக்கும் கலப்படத்துக்கும் சம்பந்தம் இல்லை. பின்பக்க நெடுக்கு சீலும் குறுக்கு சீலும் சேரும் இடத்தில் ஃபிலிம் மடிந்து தடித்திருக்கும், சூடு அங்கே சரியாக இறங்காவிட்டால் ஊசி முனை அளவு வழி விட்டுவிடும். பாக்கெட் அடுக்கி வரும் பிளாஸ்டிக் டப்பின் ஓரம் உடைந்திருந்தாலும் கிழிக்கும். பாலை வேறு பாத்திரத்தில் ஊற்றிவிட்டு காலி பாக்கெட்டைத் தூக்கிப் போடாமல் பூத்தில் கொடுங்கள்; அதில் அச்சிட்ட தேதியும் குறியீடும் இருந்தால் எந்த மெஷினில் சீல் சரியில்லை என்று தேட அது உதவும்.