பங்குச்சந்தையும் குறுவையும் – கடிதம்

வணக்கம்.

மன்னார்குடி பக்கம் உரக்கடை வைத்திருக்கிறேன். சம்பா வசூல் வந்ததும், அடுத்த கொள்முதல் வரை பணம் சும்மா கிடக்க வேண்டாமே என்று சிறிய நிறுவனப் பங்குகளில் போட்டு வருகிறேன். 2024 ஜூன் 4, தேர்தல் முடிவு வந்த அன்று எல்லாம் சரிந்தது. இரண்டு பங்குகளை விற்கப் போட்டும் வாங்க ஆளில்லை. அந்த வாரக் கடைசிக்குள் சந்தை மீண்டுவிட்டது. ஆனால் அதே ஜூனில் என் கடையில் வியாபாரமே இல்லை. நிறுவனங்களின் சம்பாத்தியம் ஒரே நாளில் அவ்வளவு குறையுமா? இனி இப்படி நடந்தால் விற்பதா, வைத்திருப்பதா?

எஸ்., மன்னார்குடி

அன்புள்ள எஸ்.,

குறையாது. பட்டியலிடப்பட்ட நிறுவனங்கள் மார்ச்சில் முடியும் ஆண்டுக் கணக்கை 60 நாளுக்குள், அதாவது மே 30-க்குள் வெளியிட்டுவிட வேண்டும். ஜூன் காலாண்டுக் கணக்குக்குக் கெடு ஆகஸ்ட் 14. இரண்டுக்கும் நடுவே வந்தது ஜூன் 4. லாபத்தைப் பற்றிச் சந்தைக்கு அன்று புதிதாகத் தெரிந்தது அநேகமாக எதுவும் இல்லை. மாறியது எதிர்பார்ப்பு மட்டும்தான். அதுவும் மூன்று நாளில் ஏற்றப்பட்டு இறக்கப்பட்ட எதிர்பார்ப்பு. மே 31 வெள்ளிக்கிழமை மும்பைப் பங்குச்சந்தையின் குறியீட்டெண்ணான சென்செக்ஸ் 73,961. மறுநாள் மாலை, ஓட்டுப் போட்டவர்களிடம் கேட்டு எடுக்கும் எக்ஸிட் போல் கணிப்பு வந்தது. திங்களன்று 76,469-க்கு ஏறியது. செவ்வாயன்று 4,390 புள்ளி விழுந்து 72,079. ஒரே நாளில் 5.7 சதவீதம் என்று நாடே பதறியது, ஆனால் வெள்ளிக்கிழமையிலிருந்து கணக்கிட்டால் இறக்கம் 2.5 சதவீதம்தான். ஜூன் 7 அன்று 76,693.

அன்று எல்லாப் பங்கும் விழவில்லை என்பதையும் கவனியுங்கள். அரசு நிறுவனங்களும் வங்கிகளும் பலமாக அடிவாங்கின. சோப்பு, தேயிலை விற்கும் ஹிந்துஸ்தான் யூனிலீவர் ஏறியது. புதிய அரசு கிராமத்துக்குக் கூடுதலாகச் செலவு செய்யும் என்பது சந்தையின் ஊகம்.

உங்கள் கடையில் அந்த ஜூன் விற்பனை போனதற்குக் காரணம் வேறு. வழக்கமாக ஜூன் 12-ல் திறக்கும் மேட்டூர் அணை, தண்ணீர் இல்லாததால் அந்த ஆண்டு ஜூலை 28-ல்தான் திறந்தது. போர்வெல் உள்ளவர்கள் மட்டும் குறுவை போட்டார்கள். மற்றவர்களுக்கு அடியுரம் எதற்கு? அந்த இழப்பு சென்செக்ஸில் ஒரு புள்ளியாகக்கூடத் தெரியாது. குறியீட்டெண்ணுக்கும் ஒரு தொழிலின் சம்பாத்தியத்துக்கும் உள்ள தூரம் அவ்வளவு. இந்தத் தூரத்தைப் பிடித்துக்கொண்டால் உங்கள் கேள்விக்கு விடை கிடைக்கும்.

ஒரு கணக்கு. பங்கு ஒன்றுக்கு ஆண்டு லாபம் 12 ரூபாய், விலை 300 என்றால் சந்தை லாபத்தைப் போல் 25 மடங்கு விலை தருகிறது. அதிர்ச்சி நாளில் விலை 276 ஆனால் அது 23 மடங்கு. 12 ரூபாய் அப்படியே இருக்கிறது. பதற்றம் தணிந்தால் மடங்கு திரும்பிவிடும். ஆனால் அதே செய்தி லாபத்தையும் 9.60 ஆக்கிவிட்டால், 23 மடங்கில் விலை 221 வரை போக இடமிருக்கிறது. முதல் நாளில் இரண்டும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும்.

பிரித்தறிய ஒரே வழி, செய்தியிலிருந்து நிறுவனத்தின் கல்லா வரை பாதை போடுவது. 2022 பிப்ரவரி 24, உக்ரைன் போர் தொடங்கிய அன்று சென்செக்ஸ் 2,702 புள்ளி விழுந்தது. மூன்றே வாரத்தில் பழைய இடத்துக்கு வந்துவிட்டது. உரத் தொழிலுக்கு அது மீட்சியே இல்லை. ரஷ்யா, பெலாரஸ் பொட்டாஷும் இயற்கை எரிவாயுவும் நெருக்கடிக்குள்ளாகி, 2022-23-ல் மத்திய அரசின் உர மானியம் 2.5 லட்சம் கோடி ரூபாயைத் தாண்டியது. தனக்கு வரவேண்டிய மானியம் தாமதமானால் உர நிறுவனம் வங்கிக் கடனில் ஓடும். லாபத்தை வட்டி தின்னும். குறியீட்டெண் மீண்டதைப் பார்த்து அதன் லாபமும் மீண்டது என்று நம்பினால் தப்பு. நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கம் இறால் குட்டை வைத்திருப்பவர்களுக்கு 2025 ஆகஸ்ட் 27-ல் அமெரிக்கா 50 சதவீதமாக உயர்த்திய வரி அப்படிப்பட்டதாக இருந்தது. இந்திய இறாலை அதிகம் வாங்குவது அந்த நாடு என்பதால் பாதை நேராகவே போனது. 2023 ஜூலை 20-ல் பாசுமதி அல்லாத பச்சரிசி ஏற்றுமதியை உடனடியாகத் தடுத்த அறிவிப்பும் அதே வகை. மில்லில் 300 டன் நெல் வைத்திருப்பவருக்குக் கிலோவுக்கு 2 ரூபாய் விலை இறங்கினால் 6 லட்சம் போச்சு. ஐந்து கோடி விற்று 15 லட்சம் லாபம் பார்க்கும் மில்லுக்கு அது ஆண்டு லாபத்தில் 40 சதவீதம். தேர்தல் முடிவைவிட இந்த மாதிரி அரசாணைகளுக்கே சிறுதொழில் பயப்பட வேண்டும்.

பாதை தெரிந்தபின் கணக்கைப் பாருங்கள். காலாண்டு விற்பனையை முந்தைய காலாண்டோடு ஒப்பிடாதீர்கள். போன ஆண்டின் அதே காலாண்டோடு ஒப்பிடுங்கள். பருவத்தை நம்பும் தொழிலில் வேறு ஒப்பீடு ஏமாற்றும். விற்பனை 20 சதவீதம் ஏறி, வரவேண்டிய பாக்கி 50 சதவீதம் ஏறியிருந்தால் என்ன நடக்கிறது என்று கடனுக்கு மூட்டை கொடுக்கும் உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. பாக்கி, சரக்கு இருப்பு, தொழிலில் வந்த ரொக்கம் ஆகிய மூன்றும் செப்டம்பர், மார்ச் முடிவுகளில்தான் கட்டாயம் தரப்படும். நடுவிலுள்ள இரண்டு காலாண்டு முடிவுகளை வைத்து அவசரப்பட வேண்டாம்.

விற்கப் போட்டும் ஆளில்லை என்றீர்களே, அது லோயர் சர்க்யூட். சிறிய பங்குகளின் விலை ஏற, இறங்க ஒரு நாளைக்கு 2, 5, 10 அல்லது 20 சதவீத வரம்பு உண்டு. கீழ் வரம்பைத் தொட்டதும் விற்பவர்கள் வரிசை மட்டும் நிற்கும். அந்த வரிசையில் முதலில் வந்த ஆர்டருக்கே முதலிடம்; ரத்து செய்து திரும்பப் போட்டால் கடைசிக்குப் போய்விடுவீர்கள். சிறு, நடுத்தர நிறுவனங்களுக்கான எஸ்எம்இ தளத்துப் பங்காக இருந்தால் லாட் கணக்கில், அதாவது குறிப்பிட்ட எண்ணிக்கை கொண்ட கட்டுகளாகத்தான் விற்க முடியும். பாதி விற்றுப் பாதி வைப்பது சிரமம். வாங்குவதற்கு முன்பே, அந்தப் பங்கு ஒரு நாளைக்கு எத்தனை கைமாறுகிறது என்ற ஒரு மாத சராசரியைப் பாருங்கள். அந்த ஒரு நாள் சராசரியில் பத்து சதவீதத்துக்கு மேல் உங்கள் கையில் சேர வேண்டாம்.

எனவே, பாதை இல்லாத அதிர்ச்சியில் வைத்திருங்கள். பாதை இருந்தால், விலை எவ்வளவு விழுந்திருந்தாலும், புதிய லாபத்தைக் கணக்கிட்டு விற்பதா என்று முடிவு செய்யுங்கள். ஆனால் இந்த ஆலோசனை கொள்முதல் பணத்துக்குப் பொருந்தாது. மே கடைசியில் குறுவைக்கும், ஆகஸ்ட், செப்டம்பரில் சம்பாவுக்கும் கம்பெனிக்குக் கட்ட வேண்டிய பணம் சிறிய பங்குகளில் இருக்கவே கூடாது. திறக்கும் தேதி மேட்டூர் கையில், விற்கும் தேதி சர்க்யூட் கையில் என்றால் இரண்டுக்கும் நடுவே மாட்டிக்கொள்வது கடை. கடைக்கு வங்கியில் சி.சி. கணக்கு, அதாவது தேவைக்கு எடுத்துத் திரும்பக் கட்டும் கடன் கணக்கு இருக்குமானால் சம்பா வசூலை அதில் போடுங்கள். 10 சதவீத வட்டி என்று வைத்தால், 5 லட்சம் நான்கு மாதம் அதில் கிடந்தாலே 16,700 ரூபாய் வட்டி மிச்சம். தேவைப்பட்ட அன்றே எடுக்கலாம். பங்குக்கு, மூன்று போகம் கைக்கு வராவிட்டாலும் கடை நடக்கும் என்ற பணத்தை மட்டும் ஒதுக்குங்கள்.