அத்தை நர்ஸ் என்பதை ஏன் மறைக்கிறீர்கள்?

கேள்வி: பிளஸ் டூ முடித்த என் மகள் நர்ஸிங்தான் படிப்பேன் என்கிறாள். வரன் அமையாது என்று சொந்தக்காரர்கள் பயமுறுத்துகிறார்கள். என் மாமியாரும் நர்ஸாக இருந்தவர்தான். 1957இல் சென்னை அரசு பொது மருத்துவமனையான ஜி.எச்.சில் பயிற்சிக்குச் சேர்ந்து, தண்டையார்பேட்டை தொற்றுநோய் ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தவர். அதை நாங்கள் வெளியில் சொல்லிக்கொள்வதில்லை. இப்போது அவர் பென்ஷனில்தான் வீட்டு வாடகை கட்டுகிறோம். மகள் மனதை எப்படி மாற்றுவது?
- வாசகி, பழைய வண்ணாரப்பேட்டை

பதில்: மகள் மனதை மாற்ற வழி சொல்ல மாட்டேன். ‘வெளியில் சொல்லிக்கொள்வதில்லை’ என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, அதற்குப் பதில் சொல்லுங்கள். அத்தையின் பென்ஷன் வேண்டும், அதைச் சம்பாதித்துக் கொடுத்த வேலை மட்டும் வேண்டாமா? இது நன்றிகெட்டதனம்.

ஜி.எச்.சில் நர்ஸ் பயிற்சி 1871லேயே தொடங்கிவிட்டது. அப்படியும் 1946இல், நாட்டின் சுகாதார நிலையை ஆராய்ந்த சர் ஜோசப் போர் (Bhore) கமிட்டி கணக்குப் பார்த்தபோது, இந்தியாவில் 43,000 பேருக்கு ஒரு நர்ஸ்தான். குடும்பப் பெண் கண்டவர் உடம்பைத் தொடலாமா என்ற பேச்சும் அதற்கு ஒரு காரணம். அந்தப் பேச்சைக் காதில் வாங்கிக்கொண்டேதான் உங்கள் அத்தை சேர்ந்திருப்பார்.

அப்போது வார்டுதான் வகுப்பறை. பெட்பேன் கழுவுவதிலிருந்து காயத்துக்குக் கட்டும் காஸ் துணியை வெட்டி மடிப்பது வரை பயிற்சிப் பெண்கள் தலையில்தான். கண்ணாடி சிரிஞ்சை ஒவ்வொரு தடவையும் கொதிக்க வைக்க வேண்டும். ஊசி மழுங்கினால் கல்லில் தீட்டி, நுனியைப் பஞ்சில் இழுத்துப் பார்ப்பார்கள். ஒரு இழை சிக்கினாலும் மறுபடி தீட்ட வேண்டும், நோயாளிக்கு வலிக்கக் கூடாதே! அப்புறம் தண்டையார்பேட்டை. காலராவும் பெரியம்மையும் இருந்த காலம். பெற்ற பிள்ளையே கிட்டே வரப் பயந்த நோயாளிக்கு வாயில் தண்ணீர் ஊற்றிய கை அது. அந்தக் கையையா மறைக்கிறீர்கள்?

நர்ஸ் வேலை இன்றும் கஷ்டம்தான். நைட் டியூட்டி இருக்கிறது, முதுகு ஒடியும், பல தனியார் ஆஸ்பத்திரிகளில் சம்பளமும் குறைவு. மகளுக்காகக் கவலைப்படுவதென்றால் இதற்கெல்லாம் கவலைப்பட்டிருக்க வேண்டும். உங்கள் கடிதத்தில் வரனைத் தவிர வேறு கவலையே இல்லை.

வரன் பார்க்க வருகிறவர்களிடம், பெண்ணின் பாட்டி நர்ஸ் என்று முதலிலேயே சொல்லுங்கள். அதைக் கேட்டு எழுந்து போகிற வீட்டுக்குப் பெண் கொடுக்காதீர்கள். நானாக இருந்தால் கொடுக்க மாட்டேன்.

சேரப்போகும் கல்லூரிக்கு நர்ஸிங் கவுன்சில் அங்கீகாரம் இருக்கிறதா என்று விசாரித்துவிட்டு விண்ணப்பம் போடுங்கள். அதை அத்தை பக்கத்தில் உட்கார்ந்து மகளே நிரப்பட்டும்.