ரெட் டொட் பொருத்துவதும் பழகுவதும்: கேள்வி பதில்

கொழும்பிலும் சுற்றுப்புறத்திலும் அனுமதிப்பத்திரத்தோடு பிஸ்டலும் ரைஃபிளும் சுடும் நம்மவர்கள், இரும்புக் குறிக்குப் பதிலாகக் கண்ணாடியில் சிவப்புப் புள்ளி காட்டும் ரெட் டொட் என்ற குறிபார்க்கும் கருவி பற்றி அனுப்பிய கேள்விகளுக்கு இங்கே பதில் தருகிறேன். பாதிக்கு மேல் "குறி நிற்கவில்லை" என்ற முறைப்பாடுதான். அவற்றில் பெரும்பாலானவை ரெட் டொட்டின் பழுது அல்ல, பொருத்திய விதத்தின் பழுது. ஆகவே புள்ளியை நகர்த்தும் டயலைத் தொடுமுன் ஸ்க்ரூவைப் பாருங்கள் என்பதைத் திரும்பத் திரும்பச் சொல்லப்போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எந்த வேலைக்கும் முன்பு மெகசினைக் கழற்றி, ஸ்லைட்டை (பிஸ்டலின் மேலே முன்பின் ஓடும் பாகம்) பின்னுக்கு இழுத்துப் பூட்டி, குழலில் ரவை உட்காரும் இடம் வெறுமையா என்று கண்ணால் பார்த்து, விரலாலும் தடவிப் பாருங்கள். ரவைகள் வேலை செய்யும் மேசையில் மட்டுமல்ல, அந்த அறையிலேயே இருக்கக்கூடாது.

கேள்வி: அண்ணா, 9 எம்எம் பிஸ்டலுக்குப் புது ரெட் டொட் போட்டன். ஒவ்வொரு முறை ரேஞ்சுக்குப் போகேக்கையும் குறி வேற இடத்தில நிக்குது. டயலைத் திருப்பித் திருப்பிக் களைச்சுப் போனன். (பம்பலப்பிட்டி)

டயலை விடுங்கள் தம்பி. முழுவதையும் கழற்றி முதலிலிருந்து பொருத்துங்கள்.

ஸ்லைட்டில் இருக்கும் ஓட்டைகள், பிளேட் (ஸ்லைட்டுக்கும் ரெட் டொட்டுக்கும் இடையில் வரும் தகடு), ஸ்க்ரூவின் மரை, ரெட் டொட்டின் அடிப்பாகம் எல்லாவற்றையும் ஐசோபுரோப்பைல் அல்கஹோல் தொட்டுத் துடையுங்கள். தொழிற்சாலை எண்ணெய் ஒரு படலமாக இருந்தால்கூட நீல லொக்டைட் (ஸ்க்ரூ கழலாமல் பிடிக்கும் பசை) பிடிக்காது. பிறகு லொக்டைட் இல்லாமல், ஸ்க்ரூ இல்லாமல், ரெட் டொட்டைப் பிளேட்டில் வைத்து விரலால் ஆட்டிப் பாருங்கள். தளம்பினால் பிளேட் அந்த மொடலுக்கு உரியது அல்ல, அல்லது இடையில் தூசு இருக்கிறது. ஆர்எம்ஆர், டொக்டர், ஆர்எம்எஸ்சி என்று ஒவ்வொரு அடித்தள அளவுக்கும் ஓட்டையும் முளையும் வேறு வேறு. கிட்டத்தட்டப் பொருந்துவது போதாது.

அடுத்தது ஸ்க்ரூவின் நீளம். குறைந்தது நான்கைந்து சுற்றாவது மரையில் ஏற வேண்டும். நீளம் கூடினாலும் ஆபத்துத்தான்: பல பிஸ்டல்களில் வலப்பக்க ஸ்க்ரூவுக்கு நேர் கீழே, வெற்றுக்கோதை இழுத்து எடுக்கும் எக்ஸ்ட்ராக்டரின் ஸ்பிரிங் போகும் வழி இருக்கிறது. ஸ்க்ரூவின் நுனி அதற்குள் இறங்கினால் வெற்றுக்கோது வெளியே வராமல் மாட்டும். ஸ்க்ரூவை இறுக்கிய பிறகு எக்ஸ்ட்ராக்டரை விரலால் அழுத்திப் பாருங்கள், முன்பு போலவே அசைய வேண்டும்.

லொக்டைட் நீலம் மட்டும், சிவப்பு வேண்டவே வேண்டாம். ஸ்க்ரூவின் மரையில் ஒரு சிறு துளி, ஓட்டைக்குள் ஊற்றக்கூடாது. ஊற்றினால் வழிந்து அதே எக்ஸ்ட்ராக்டர் வழிக்குள் போய் உறையும். இரண்டு ஸ்க்ரூவையும் மாறி மாறி, கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். எவ்வளவு இறுக்கம் என்பது உங்கள் ரெட் டொட்டின் கையேட்டில் இருக்கும். 12 அங்குல-இறாத்தல் என்றால் சுமார் 1.4 நியூட்டன் மீற்றர், 15 என்றால் 1.7. பிளேட்டுக்கும் ஸ்லைட்டுக்கும் இடையிலான ஸ்க்ரூக்களுக்கு வேறு எண் கொடுத்திருப்பார்கள், அதையும் பாருங்கள். பலர் மேலே இருப்பதை ஒழுங்காக இறுக்கிவிட்டுக் கீழே இருப்பதை மறந்துவிடுகிறார்கள்.

முழு 24 மணித்தியாலம் விடுங்கள். பிறகு பெயின்ற் பேனாவால் ஸ்க்ரூத் தலையிலிருந்து உடல் வரைக்கும் ஒரே கோடு இழுங்கள். அந்தக் கோடு உடைந்திருந்தால் ஸ்க்ரூ கழன்றிருக்கிறது என்று ஒரு பார்வையில் தெரியும். சுடப் போகும் ஒவ்வொரு நாளும் அதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

கேள்வி: டோர்க் ஸ்க்ரூட்ரைவர் கட்டாயமா? கையால் இறுக்கினால் என்ன?

குறித்த இறுக்கத்தோடு நிறுத்த உதவும் அந்த ஸ்க்ரூட்ரைவர் கட்டாயம் என்றே சொல்வேன். இந்த ஸ்க்ரூக்கள் மெல்லியவை. கை பலத்தில் தலை அறுந்தால், மிச்சத்தை எடுக்கத் துளையிட வேண்டி வரும். சொந்தமாக வாங்க வேண்டியதில்லை, உங்கள் கழகத்தில் ஆயுதம் பராமரிப்பவரிடம் கேளுங்கள்.

கேள்வி: எத்தனை மீற்றரில் சீரோ பண்ண வேணும்? ஒருத்தர் 10 எண்டுறார், இன்னொருத்தர் 25 எண்டுறார். (வெள்ளவத்தை)

சீரோ என்றால், குறித்த தூரத்தில் புள்ளியும் சன்னம் விழும் இடமும் ஒன்றாகும்படி டயலைத் திருத்துவது. பிஸ்டலுக்கு 25 மீற்றர் என்பதே என் தெரிவு. காரணத்தை எண்ணிலேயே பார்க்கலாம். ரெட் டொட்டின் மையம் குழலின் மையத்துக்கு 22 மில்லிமீற்றர் மேலே இருக்கிறது, சன்னம் செக்கனுக்கு 350 மீற்றர் வேகத்தில் போகிறது என்று வைத்துக் கணக்குப் போட்டால்:

25 மீற்றரில் சீரோ பண்ணிய பிஸ்டல் 15 மீற்றரில் சுமார் 3 மில்லிமீற்றரும், 10 மீற்றரில் 7 மில்லிமீற்றரும், 3 மீற்றரில் 17 மில்லிமீற்றரும் கீழே அடிக்கும். எங்கேயும் புள்ளிக்கு மேலே போகாது. 10 மீற்றரில் சீரோ பண்ணினால் அதே பிஸ்டல் 15 மீற்றரில் 8, 25 மீற்றரில் 18 மில்லிமீற்றர் மேலே அடிக்கும். கிட்டத்தில் கீழே, தூரத்தில் மேலே என்று இரண்டு கணக்கை மனதில் வைத்திருக்க வேண்டும். 25இல் ஒரே கணக்கு: கிட்டப் போகப் போகக் கொஞ்சம் கீழே. இன்னொன்று, 10 மீற்றரில் கண்ணுக்குத் தெரியாத சிறு பிழை 25 மீற்றரில் இரண்டரை மடங்காகத் தெரியும், திருத்தவும் முடியும்.

ஆனால் நேரே 25இல் தொடங்காதீர்கள். 10 மீற்றரில் காகிதத்தில் விழவைத்து, பிறகு பின்னுக்குப் போங்கள். மணல் மூட்டையில் மணிக்கட்டையோ பிஸ்டலின் கீழ்ச்சட்டத்தையோ வையுங்கள், ஸ்லைட் எதிலும் முட்டக்கூடாது. ஐந்து ரவை சுட்டு, ஐந்து துளைகளும் சேர்ந்த கூட்டத்தின் நடுவைக் குறியுங்கள். ஒரு ரவைக்கு ஒரு திருப்பு என்று போனால் உங்கள் கை நடுக்கத்தைத்தான் துரத்திக்கொண்டிருப்பீர்கள்.

ஒரு எம்ஓஏ (ஒரு பாகையின் அறுபதில் ஒரு பங்கான கோணம்) என்பது 100 மீற்றரில் 29 மில்லிமீற்றர், 25 மீற்றரில் 7.3, 10 மீற்றரில் 2.9. உங்கள் டயல் ஒரு கிளிக்குக்கு 1 எம்ஓஏ என்றால், 25 மீற்றரில் கூட்டம் 60 மில்லிமீற்றர் இடப்பக்கமும் 30 மில்லிமீற்றர் கீழேயும் விழுந்திருக்கும்போது வலத்துக்கு 8 கிளிக், மேலே 4 கிளிக். அரை எம்ஓஏ கிளிக் உள்ளவற்றில் இரட்டிப்பு. டயலில் உள்ள அம்பு பெரும்பாலும் சன்னம் விழும் இடம் நகரும் திசையைக் காட்டுகிறது. கண்ணாடியில் புள்ளி எதிர்ப்பக்கம் நகர்வதைப் பார்த்து, தவறாகத் திருப்பிவிட்டோம் என்று பலர் குழம்புகிறார்கள், அது அப்படித்தான் இருக்க வேண்டும். சில மொடல்களில் பக்கத்தில் பூட்டு ஸ்க்ரூ இருக்கும். அதைத் தளர்த்தாமல் டயலைத் திருகினால் உள்ளே உடையும்.

திருத்திய பிறகு இன்னும் ஐந்து. போட்டியில் எந்த ரவையைச் சுடுவீர்களோ அதே ரவையால் சீரோ பண்ணுங்கள். சன்னத்தின் நிறை மாறினால் விழும் உயரமும் மாறும்.

கேள்வி: 3 எம்ஓஏ நல்லதா, 6 எம்ஓஏ நல்லதா?

25 மீற்றரில் 3 எம்ஓஏ புள்ளி 22 மில்லிமீற்றரை மறைக்கும், 6 எம்ஓஏ 44 மில்லிமீற்றரை. வேகமாக ஓடிச் சுடும் ஐபிஎஸ்சி போட்டிக்குப் பெரியது, காகிதத்தில் நிதானமாகச் சுடச் சிறியது. இரண்டும் கலந்து சுடுபவருக்கு 3 போதும், தேவைப்பட்டால் வெளிச்சத்தைக் கூட்டினால் பெரிதாகத் தெரியும்.

கேள்வி: எனக்குப் புள்ளி வட்டமாத் தெரியேல்ல, வால் முளைச்ச மாதிரி, சில நேரம் இரண்டு மூன்று புள்ளியாத் தெரியுது. சாமான் பழுதா அண்ணா? (தெஹிவளை)

கடைக்காரரோடு சண்டைக்குப் போகுமுன் ஒரு சோதனை செய்யுங்கள் தங்கச்சி. வெறுமையான பிஸ்டலைப் பாதுகாப்பான திசையில் வைத்து, கண்ணாடிக்குப் பின்னால் போன் கமராவைப் பிடித்துப் புள்ளியைப் படம் எடுங்கள். படத்தில் வட்டமாக இருந்தால் ரெட் டொட் நல்லது, உங்கள் கண்ணில் அஸ்டிக்மாட்டிசம் (ஒளி ஒரே புள்ளியில் குவியாத பார்வைக் குறை) இருக்கிறது. தலையைச் சரித்துப் பார்க்கும்போது வாலும் கூடச் சரிந்தால் அது உறுதி. கண் வைத்தியரிடம் சிலிண்டர் பவர் பார்த்துக் கண்ணாடி போட்டால் பெரும்பாலும் சீராகும். அதுவரைக்கும் வெளிச்சத்தைக் குறையுங்கள், சிதறலும் குறையும்.

படத்திலும் கோணலாக இருந்தால், எல்ஈடி இருக்கும் சின்னக் குழியைப் பாருங்கள். ஸ்லைட்டிலிருந்து தெறித்த எண்ணெய் ஒரு துளி அங்கே இருந்தாலே புள்ளி நட்சத்திரமாகும். உலர்ந்த பஞ்சுக் குச்சியால் ஒற்றி எடுங்கள்.

கேள்வி: பிஸ்டலைத் தூக்கினால் புள்ளியைத் தேடவே ஒரு செக்கன் போகுது. இரும்புக் குறியில் இந்தப் பிரச்சினை இருக்கேல்ல.

இரும்புக் குறியில் முன்குறி கொஞ்சம் உயர்ந்திருந்தாலும் கண்ணுக்குத் தெரியும், அதைப் பார்த்துக் கை தானாகத் திருத்திக்கொள்ளும். ரெட் டொட்டில் குழல்முனை சிறிது உயர்ந்தால் புள்ளி கண்ணாடியின் மேல் விளிம்பைத் தாண்டி மறைந்துவிடும். அதிகமானோருக்கு நடப்பது இதுதான். புள்ளியைத் தேடிப் பிஸ்டலை ஆட்டாதீர்கள். குழல்முனையைச் சற்றே தாழ்த்துங்கள், மேலிருந்து புள்ளி இறங்கி வரும்.

நிரந்தரத் தீர்வு வீட்டிலேயே இருக்கிறது. வெறுமையான பிஸ்டல், பயிற்சி ரவை (மருந்து இல்லாத போலி ரவை), பின்னால் ஆள் நடமாட்டம் இல்லாத கட்டிடச் சுவர். சுவரில் ஒரு சிறு ஒட்டுப் புள்ளி வைத்து, இரண்டு கண்ணும் திறந்து அதை மட்டும் பாருங்கள். பிஸ்டலை நெஞ்சுக்கு முன்னாலேயே கண் மட்டத்துக்கு உயர்த்திவிட்டு, பிறகு நேராக முன்னுக்குத் தள்ளுங்கள். கீழேயிருந்து மேலே வீசுவதுதான் முனையை உயர்த்துகிறது. ஒரு நாளைக்குப் பத்து நிமிடம், மெதுவாக. பார்வை புள்ளியில் விழுகிறதா இலக்கில் விழுகிறதா என்று சந்தேகம் இருந்தால் ரெட் டொட்டின் முன்பக்கக் கண்ணாடியில் டேப் ஒட்டிப் பழகுங்கள். ஒரு கண் புள்ளியையும் மறு கண் இலக்கையும் பார்க்கும், மூளை இரண்டையும் சேர்த்துவிடும். இலக்கை விட்டுப் புள்ளியை உற்றுப் பார்த்தால் இலக்கு மறைந்துபோகும், பிழை உடனே தெரியும்.

கேள்வி: ஓட்டோ பிரைட்னஸ் போட்டால் மத்தியானத்தில புள்ளியே தெரியேல்ல.

கூரைக்குக் கீழ் நின்று வெயிலில் இருக்கும் இலக்கைச் சுடுகிறீர்கள். உணரி நீங்கள் நிற்கும் நிழலை அளக்கிறது, கண்ணோ வெயிலைப் பார்க்கிறது. கையால் மாற்றும் முறைக்குப் போங்கள். இலக்கின் மேல் புள்ளி தெளிவாகத் தெரியவும் வேண்டும், அதைச் சுற்றி ஒளிவட்டம் வரவும் கூடாது.

கேள்வி: காரில இருந்து எடுத்த உடனே கண்ணாடி பனிச்சுப் போகுது. கடற்காத்தால் ஸ்க்ரூவும் துருப்பிடிக்குது.

ஏசியில் குளிர்ந்த கண்ணாடியில் கொழும்பின் ஈரக்காற்று படும்போது பனிக்காமல் இருக்காது. பெட்டியை ரேஞ்சில் திறந்து கால் மணித்தியாலம் வையுங்கள். துடைத்தால் திரும்பப் பனிக்கும், கீறலும் விழும். மே முதல் செப்டெம்பர் வரையான தென்மேல் பருவ மழையில் திறந்த எல்ஈடி உள்ள மொடலில் ஒரு மழைத்துளி போதும், புள்ளி காணாமல் போகும். மூடிய மொடல் விலை கூட, ஆனால் நம் ஊருக்கு அந்தப் பணம் வீண் இல்லை.

கண்ணாடிக்கு ஊதித் தூசு போக்கி மைக்ரோஃபைபர் துணி. அசிற்றோனும் அமோனியா கலந்த ஜன்னல் திரவமும் பூச்சை அரிக்கும். ஸ்க்ரூத் தலையில் மெல்லிய எண்ணெய்த் துடைப்பு, வெளியே மட்டும். பெட்டிக்குள் சிலிக்கா ஜெல்.

கேள்வி: ஸ்லைட்டில ரெட் டொட்டுக்கு வெட்டு இல்லை. பஞ்சிகாவத்தையில லேத் பட்டறையில வெட்டுவிக்கலாமா?

வேண்டாம். துப்பாக்கியை அனுமதி இல்லாத பட்டறையில் கொடுப்பதே சட்டப் பிரச்சினை, 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கத் துப்பாக்கிகள் கட்டளைச் சட்டம் இன்னும் நடைமுறையில் இருக்கிறது. அனுமதி பெற்ற திருத்துநரிடம் மட்டும் கொடுங்கள். பின்குறியின் பள்ளத்தில் செருகும் பிளேட்டுகள் மலிவுதான், ஆனால் ரெட் டொட்டை உயரமாக்கும், கழலவும் செய்யும். வெளிநாட்டிலிருந்து எதையும் வரவழைக்குமுன் சுங்கத்திடமும் பாதுகாப்பு அமைச்சிடமும் எழுத்தில் கேட்டு, பதிலைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: மகன் பாடசாலை அணியில் எயார் பிஸ்டல் சுடுகிறான். அவனுக்கு ஒன்று வாங்கலாமா ஐயா?

வாங்காதீர்கள். சர்வதேசத் துப்பாக்கிச் சுடும் விளையாட்டுச் சம்மேளனத்தின் (ஐஎஸ்எஸ்எஃப்) விதிப்படி 10 மீற்றர் எயார் பிஸ்டலுக்கும் 25 மீற்றர் பிஸ்டலுக்கும் திறந்த இரும்புக் குறி மட்டுமே. ஐபிஎஸ்சியில் ஓப்பன், புரொடக்‌ஷன் ஆப்டிக்ஸ் பிரிவுகளில் ரெட் டொட் உண்டு, ஸ்டாண்டர்ட், கிளாசிக் பிரிவுகளில் கிடையாது.

கேள்வி: ஸ்பிரிங் எயார் ரைஃபிளில் போட்ட ரெட் டொட் இரண்டு வாரத்தில் செத்துப் போச்சு. 9 எம்எம்மையே தாங்கும் எண்டு எழுதியிருந்தது.

ஸ்பிரிங் ரைஃபிள் முதலில் பின்னுக்கு உதைத்து, பிஸ்டன் போய் முட்டியதும் முன்னுக்கும் உதைக்கும். ஒரு பக்க உதைப்புக்குச் செய்த பொருள் அந்த முன்னுதைப்பில்தான் உடைகிறது. ஸ்பிரிங் எயார் ரைஃபிளுக்கு ஏற்றது என்று தெளிவாக எழுதியதை வாங்குங்கள், மவுண்டுக்குப் பின்னால் தடுப்பு முளையும் வேண்டும்.

கேள்வி: சுடும்போது மட்டும் புள்ளி மினுங்கி அணையுது. பற்றரி புதுசு. (கொட்டாஞ்சேனை)

உதைப்பில் பற்றரி தொடுகையை விட்டு எழும்புகிறது. மூடியை எடுத்துத் தொடுமுனையைப் பென்சில் அழிறப்பரால் தேய்த்துத் துடையுங்கள், வளைந்த தகடு தாழ்ந்திருந்தால் மிக மெதுவாக உயர்த்துங்கள். குழந்தைகள் விழுங்காமலிருக்கக் கசப்புப் பூச்சுப் பூசிய சிஆர் 2032 பற்றரிகள் இருக்கின்றன. அந்தப் பூச்சும் தொடுகையைக் கெடுக்கும், அல்கஹோலால் துடைத்துப் போடுங்கள் அல்லது பூச்சில்லாததை வாங்குங்கள். புறக்கோட்டை நடைபாதையில் அட்டை அட்டையாக விற்பதை இதற்குப் போடாதீர்கள்.

பற்றரி அடியில் இருக்கும் மொடல் என்றால் ஒவ்வொரு மாற்றத்துக்கும் ரெட் டொட்டைக் கழற்ற வேண்டும். புது லொக்டைட், அதே இறுக்கம், திரும்ப 25 மீற்றரில் ஐந்து ரவை. "அதே இடத்தில்தானே வைத்தேன்" என்று நேரே போட்டிக்குப் போகாதீர்கள். வருடத்துக்கு ஒருமுறை, அனுமதிப்பத்திரம் புதுப்பிக்கும் காலத்திலேயே மாற்றிவிட்டால் திகதி மறக்காது.

கேள்வி: புள்ளி இரும்புக் குறியின் உச்சியில் சரியாக உட்காரவில்லை. டயலால் கொண்டுவரவா?

கூடாது. இரண்டையும் தனித்தனியே சீரோ பண்ணுங்கள். தலை சற்று விலகினால் புள்ளியும் இரும்புக் குறியும் பிரிந்து தெரியும், ஆனாலும் புள்ளி இருக்கும் இடத்திலேயே சன்னம் விழும். மிகக் கிட்டத்தில் மட்டும், புள்ளி கண்ணாடியின் ஓரத்தில் இருந்தால் சில மில்லிமீற்றர் விலகலாம்.